சூட்டைப் படித்த தெரு

பெங்களூரையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு எலக்ட்ரானிக் சிட்டியும் ஒயிட்ஃபீல்டும் நினைவுக்கு வரும். எனக்கு எஸ்.பி. ரோடு. சதர் பத்ரப்பா ரோடு என்ற முழுப்பெயரை போர்டுகளில் பார்க்கலாம், வாயால் யாரும் சொல்வதில்லை. டவுன் ஹாலில் பஸ் இறங்கிப் பேட்டைப் பக்கம் நடந்தால் வந்துவிடும். 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் இந்த ஊருக்கு வந்த கதையை எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சூடேறி ஹேங் ஆன கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கிய குடும்பங்களின் கதையை எழுத ஆளில்லை. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து அந்தத் தெருவில் சர்வீஸ் மேசையில் உட்கார்ந்தவன் நான். எழுதுகிற பொறுப்பு எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு முன்பே இந்த வட்டாரத்துக்குப் பழுது பார்க்கிற கை இருந்தது. பக்கத்து ஜே.சி. ரோடு முழுக்க மோட்டார் வண்டி உதிரி பாகம். எஸ்.ஜே.பி. ரோட்டில் பம்பும் மோட்டாரும். கூப்பிடு தூரத்தில்தான் கே.ஆர். மார்க்கெட். சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து வந்த கரண்டில் 1905 ஆகஸ்ட் 5 அன்று பெங்களூரில் தெருவிளக்கு முதலில் எரிந்தது அந்தப் பக்கத்தில்தான். ஆனால் அதே கரண்ட் 1902-லேயே எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. நான் கோலார் தங்கவயல்காரன்.

அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகிற சுரங்கம் அது. அந்த ஆழத்தில் பாறையின் சூடே அறுபது டிகிரிக்கு மேல். மேலிருந்து குளிர்ந்த காற்றை இறக்கி, சூடான காற்றை வேறு வழியாக வெளியேற்றினால்தான் உள்ளே மனிதன் நிற்க முடியும். காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி. அப்பா சாப்பாட்டு நேரத்தில் சொன்ன இந்த ஒரு விஷயம்தான் பிற்காலத்தில் எனக்குச் சோறு போட்டது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்கு முன்பே எங்கள் பையன்கள் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். எஸ்.பி. ரோட்டில் முதலாளிகள் பெரும்பாலும் ராஜஸ்தான்காரர்கள். மேசையில் கன்னடம், உருது, தமிழ், இந்தி எல்லாம் கலந்து ஓடும். தங்கவயல் பையன் என்றால் ‘ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும்’ என்று நம்பி எடுத்துக்கொண்டார்கள்.

1981-இல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யின் பிராசஸர் தலையில் ஒன்றும் கிடையாது, மொட்டையாகவே ஓடும். 486 வந்தபோது மேலே ஹீட்சிங்க் என்கிற அலுமினியத் துண்டை ஒட்டினார்கள். 1993-இல் பென்டியம் பதினைந்து வாட் அளவுக்குப் போனது, ஃபேன் கட்டாயமாயிற்று. பதினோரு வருடம் கழித்து, 2004-இல் வந்த பிரஸ்காட் வகை பென்டியம் 4-இன் பெரிய மாடல்கள் நூறு வாட்டைத் தாண்டின. விரல் நகம் அகலமுள்ள சில்லில் நூறு வாட் பல்பு எரிகிறது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வேன், உடனே புரியும். இடையில் ஏ.எம்.டி.யின் ஆத்லான் வந்தது. ஃபேனோடு இருக்கும் ஹீட்சிங்க் கழன்றால் சில நொடிகளில் சில்லு கருகிவிடும். பென்டியம் 4 அப்படிச் சாகாது, தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும். ‘மெஷின் ஸ்லோ ஆயிடுச்சு, வைரஸ்’ என்று கொண்டு வருவார்கள். விண்டோஸை மறுபடி போட்டுக் காசு வாங்கி அனுப்பிய கடைகளும் உண்டு. இரண்டு நாளில் அதே மெஷின் அதே கோளாறோடு திரும்பி வரும்.

பெங்களூர் குளிர்ந்த ஊர்தானே, இங்கே ஏன் சூடாகிறது என்று கேட்பார்கள். தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், உண்மைதான். மே மாதத்திலும் பல வீடுகளில் ஏ.சி. கிடையாது. ஆனால் அன்றைய வீடுகளில் கம்ப்யூட்டர் டேபிள் என்று ஒன்று விற்றார்கள். கேபினெட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடலாம், தூசி போகாதாம். காற்றும் போகாது. வெளியே மெட்ரோவுக்குத் தோண்டிய வருடங்களில் மெல்லிய செம்மண் தூசி ஜன்னல் சாத்தியிருந்தாலும் வந்து படிந்தது. அதில் சாம்பிராணிப் புகையும் தாளிப்பு எண்ணெயும் சேர்ந்தால் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி ஒரு படலம் உருவாகும். அதைப் பிய்த்து எடுத்தால் முழுசாக வரும்.

பழுது பார்ப்பதில் தெருவுக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் கேள்வி: போட்டவுடன் நிற்கிறதா, இருபது நிமிடம் ஓடி நிற்கிறதா? ஓடி நின்றால் சூடு. நேரம் காலமில்லாமல் நின்றால் ராம் அல்லது எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை மேல் சந்தேகம். அடுத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி எதிரில் டேபிள் ஃபேனை வைப்போம். ஹேங் ஆவது நின்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. பிறகு பயாஸுக்குள் போய் வெப்பநிலையைப் பார்ப்போம். சும்மா இருக்கும்போதே எழுபது, எண்பது என்று ஏறினால் ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பார்ப்பேன். எண் எண்பது காட்டும்போது ஹீட்சிங்க் கைக்கு ஜில்லென்று இருந்தால், சூடு மேலே வரவே இல்லை என்று அர்த்தம். ஹீட்சிங்க்கைப் போர்டில் பிடித்து வைக்கும் நாலு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று விட்டிருக்கும். 2004-க்குப் பிறகு வந்த இன்டெல் போர்டுகளில் இது அன்றாடக் கேஸ். கழற்றினால் உள்ளே சில்லின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். ஸ்பிரிட் தொட்டுச் சுத்தமாகத் துடைத்து, நடுவில் ஒரு மிளகளவு புதுப் பேஸ்ட் வைத்து, முளைகளைக் குறுக்காக அழுத்த வேண்டும். ஒரே பக்கத்து இரண்டையும் முதலில் அழுத்தினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். ராமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் தங்கப் பல்லைத் தேய்த்து மாட்டுவோம். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும். இதில் எதையும் எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை.

இந்த அறிவின் உச்சம் என்று நான் நினைப்பது கெபாசிட்டர் காலத்தை. 2002-இலிருந்து சில வருடங்கள், உலகம் முழுக்கவே போர்டுகளில் கெபாசிட்டர்கள் தலை வீங்கி, பழுப்பாகக் கசிந்தன. உள்ளே ஊற்றிய திரவத்தின் கலவை சரியில்லை. பெரிய கம்பெனிகள் போர்டையே மாற்றின. எங்கள் தெருவில் வீங்கியதைப் பிடுங்கி, 105 டிகிரி தாங்கும் கெபாசிட்டரைத் தேடி வாங்கி வைத்தோம். சில ரூபாய் சாமான், ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சம்பளத்தைக் காப்பாற்றியது. 2008-இல் என்விடியா தன் லேப்டாப் சில்லுகள் சூட்டில் பழுதாவதாக ஒப்புக்கொண்டு கோடிக்கணக்கான டாலரை ஒதுக்கியது. அப்போது சில்லைத் தூக்கி, அடியில் புது ஈயக் குண்டுகள் வைத்து ஒட்டும் ரீபாலிங் வேலையைத் தெரு கற்றுக்கொண்டது. அதுவும் பள்ளிக்கூடம் போகாமல்.

இன்று பல லேப்டாப்புகளில் ராம் போர்டோடு ஒட்டப்பட்டு வருகிறது. பேட்டரியைப் பசையால் பதிக்கிறார்கள். ஒரு ஃபேன் தனியாகக் கேட்டால் மொத்த மாட்யூலை வாங்கு என்கிறார்கள். செய்யத் தெரிந்தவன் இருந்தும் கழற்ற வழியில்லை. செத்த போர்டுகள் போகிற இடம் தெரியும். நாட்டின் முதல் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு ஆலையான ஈ-பரிசரா, பெங்களூரை ஒட்டிய டாபஸ்பேட்டையில் 2005-இலேயே தொடங்கியது. அது அவசியமான வேலை, மதிக்கிறேன். ஆனால் ஒரு பேஸ்ட்டில் பிழைத்திருக்க வேண்டிய மெஷின் அங்கே போய்ச் சேருவது எனக்குத் தாங்கவில்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. நல்ல தொடக்கம். உதிரி பாகத்தை விற்றே ஆக வேண்டும் என்று சட்டம் வராதவரை அது போதாது.

அதுவரை வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த லேப்டாப் வாங்கும்போது விலைக்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: பின்மூடி சாதாரண ஸ்க்ரூவில் திறக்குமா, ஃபேன் தனியாகக் கிடைக்குமா, ராம் மாற்றலாமா? மூன்றுக்கும் இல்லை என்றால் அந்த மாடலை வாங்காதீர்கள்.