ஆறாம் பாரம்

பேத்தியை நர்சரியில் விடப் போனபோது வாசலில் பலகை: ‘நர்சரி முதல் சிக்ஸ்த் ஃபார்ம் வரை’. லண்டன் தனியார் பள்ளி. எனக்குச் சிரிப்பு வந்தது. மதராஸ் மாகாணத்தில் என் அப்பா படித்த ‘ஆறாம் பாரம்’ எஸ்.எஸ்.எல்.சி., அதாவது பதினோராம் வகுப்பு. இங்கே அது 12, 13-ஆம் ஆண்டுகள். ஏழாம் ஆண்டை முதல் பாரமாக எண்ணிய பழங்கணக்கின் மிச்சம். ‘ஃபார்ம்’ என்ற அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நீள பெஞ்சு என்றும் பொருள் உண்டு.

இன்னொரு கூத்து: இங்கே ‘பப்ளிக் ஸ்கூல்’ என்றால் காசு கட்டிப் படிக்கும் பள்ளி! 1440-இல் ஆறாம் ஹென்றி ஈட்டன் பள்ளியைத் தொடங்கியது 70 ஏழைப் பையன்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்க. பிறகு பணக்காரப் பிள்ளைகள் வந்து நிறைந்தார்கள். 1868-இல் இப்படிப்பட்ட ஏழு பள்ளிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அந்த ஏழும் அப்போது ஆண்பிள்ளைப் பள்ளிகள். பெண்களுக்காக 1850-இலேயே வடக்கு லண்டனில் பள்ளி திறந்திருந்தார் பிரான்சஸ் மேரி பஸ்.

காசு கட்டும் பள்ளி என்றேனே, 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி. நர்சரி வகுப்புக்கு விலக்கு உண்டு. பேத்தியின் அண்ணன் பில்லில் வரி வந்துவிட்டது.