குரல் எழுதிய ஏடுகள்

1887ஆம் ஆண்டு தமிழர் மறக்கவொண்ணாதது. ஊரூராய்த் தேடிய ஏடுகளை ஒப்புநோக்கி, உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்ட ஆண்டு அது. அதே ஆண்டில் அமெரிக்காவில் எமில் பெர்லினர் என்பார் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். முன்னது எழுத்தேட்டை அழிவினின்று மீட்டது. பின்னது குரலுக்கே ஓர் ஏடு சமைத்தது. முன்னதன் வரலாற்றை நாம் நன்கறிவோம். பின்னதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது காண்போம்.

1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பாட்டுகள் ஒலிப்பதிவு செய்யப்பெற்றன. பாடி முடித்ததும் அவ்வம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறுவார். ஜெர்மனியின் ஹனோவர் நகரில் தட்டு வார்ப்போர் பாடியவரை அடையாளம் காண அது உதவிற்று. 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை எழுந்தது. அரக்கும் கல்பொடியும் கலந்து வார்த்த அத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட்டு அடங்கும். மணிக்கணக்கில் விரியும் இராகத்தை அச்சிறு வட்டத்துள் அடக்கியது நம் இசைவாணரின் பேராற்றல்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலுள்ள கோவையின் பெயரைத் தாங்கிய கோயமுத்தூர் தாயி (1872-1917) பல தட்டுகளில் பாடினார். அவர் குரலில் உள்ளம் பறிகொடுத்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ், அவர்தம் இசைத்தட்டையே அடிப்படையாகக் கொண்டு 'இராகமாலிகா' என்னும் பியானோ இசையை இயற்றினார். எம். எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு 1926இல், பத்து வயதில் பாடியது. நாடக மேடையை ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பாவோ 1933இல் தம் 27ஆம் வயதில் மறைந்தார். அவர் எத்திரைப்படத்திலும் நடித்தாரில்லை. இன்று அவர் குரல் நமக்குக் கிட்டுவது இசைத்தட்டுகளால் மட்டுமே. ஒரு தட்டு உடைந்தால் உடைவது அரக்கன்று. அக்குரலின் ஒரு பகுதி.

அருமைக்கும் காரணங்கள் உண்டு. தட்டு கைதவறினால் நொறுங்கும். எஃகு முள் ஓட ஓடத் தேயும். இரண்டாம் உலகப் போரின்போது அரக்குத் தட்டுப்பாட்டால் மேலைநாடுகளில் பழந்தட்டுகளைத் திரட்டிப் புதியன வார்க்கப் பயன்படுத்தினர். 1948இல் வினைலாலான எல்.பி. தட்டு வந்தபின் மக்கள் பழையவற்றைக் கைவிட்டனர். ஆயினும் இந்தியாவில் 1960களிலும் 78 தட்டுகள் வெளிவந்தன. அவ்வாறு வந்த பீட்டில்ஸ் குழுவினரின் தட்டுகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். அப்பாட்டுகளோ உலகெங்கும் வேறு வடிவங்களில் எளிதாய்க் கிடைப்பன. எனவே விலை வேறு, மதிப்பு வேறு. பிறிதோரிடத்தில் கேட்கவியலாத குரலே உண்மையில் அருந்தனம்.

மூணாற்றை அடுத்து, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் உள்ளது மாட்டுப்பட்டி. அத்தகைய மலையூர்களில் பனியும் மழை ஈரமும் தட்டுக்கும் உறைக்கும் பூஞ்சணம் பிடிக்கச் செய்வன. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்காது, நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தலாகாது. அரக்கு அதில் கரைந்துவிடும். கிராமபோனின் எஃகு முள்ளை வினைல் தட்டின்மேல் ஓட்டலுமாகாது.

இடுக்கியை அடுத்த கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில் சன்னி மாத்யூ பல்லாயிரம் இசைத்தட்டுகளைத் திரட்டி, 2015இல் அருங்காட்சியகம் கண்டார். தனியொருவர் அத்துணை செய்யின், சங்கங்கள் செய்யவொண்ணாதா? தமிழ்க் குடும்பங்களின் பரண்களிலும் பெட்டிகளிலும் உறங்கும் தட்டுகளைப் பழைய சாமான் வணிகரிடம் எடைக்குப் போடுமுன், பாடியவர், பாட்டு, நிறுவனம், தட்டின் எண் ஆகிய நான்கையும் குறித்துவைப்போம். ஒலியைப் படியெடுத்து ஒருவருக்கொருவர் வழங்குவோம். ஏட்டைப் பூட்டிவைத்தோர் பலர். படியெடுக்கத் தந்தோராலேயே நம் நூல்கள் பிழைத்தன. குரலேட்டுக்கும் அதுவே நெறி.