லேபிளில் இல்லாத பயிர்கள்

தென்காசி மாவட்டத்தின் கடையம் வட்டாரத்தில் நெல்லும் தென்னையும் கண்ணில் படுகிற அளவுக்கு மற்றவை படுவதில்லை. ஆனால் ராமநதி, கடனாநதிப் பாசனத்திலும் கிணற்றடியிலும் கால் ஏக்கர், அரை ஏக்கராக எலுமிச்சை நிற்கிறது, கத்தரியும் வெண்டையும் நிற்கின்றன, சின்ன வெங்காயமும் மிளகாயும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகின்றன. வரப்போரத்தில் முருங்கை, வீட்டை ஒட்டிக் கீரை. இந்தப் பக்கத்துக் காய்கறி பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய், அங்கிருந்து புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்கு ஏறுகிறது. அதே வழியில் ஒரு குற்றச்சாட்டு திரும்பி வருகிறது: தமிழ்நாட்டுக் காய்கறியில் விஷம். அது முழுப் பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் பூச்சிமருந்து எச்சத்துக்கு வரம்பு கட்டிய வரலாற்றைப் பார்த்தால், அந்தக் குற்றச்சாட்டில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாக முடிச்சிடப்பட்டிருப்பது தெரியும். ஒன்று, வரம்பை மீறிய எச்சம். மற்றது, வரம்பே வகுக்கப்படாத பயிர். இரண்டாவதற்கு விவசாயியைவிடச் சட்டமும் சந்தையுமே அதிகம் பொறுப்பு என்பது என் வாதம்.

எச்ச வரம்பு என்ற ஏற்பாடு மருத்துவரின் அறையிலிருந்து வந்ததாகப் பலரும் எண்ணுகிறார்கள். அது முதலில் வலுப்பெற்றது துறைமுகத்தில். 1925-26 வாக்கில் அமெரிக்க ஆப்பிள்களில் ஆர்சனிக் படிந்திருப்பதைக் கண்டு பிரிட்டன் ஆட்சேபித்தது. ஆப்பிள் புழுவுக்காக ஈய ஆர்சனேட் தெளித்ததன் மிச்சம் அது. ஒரு பவுண்டு பழத்தில் 0.01 கிரெயின் என்று பிரிட்டன் வைத்த அளவு, நம் கணக்கில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.4 மில்லிகிராம், ஏற்றுமதி உலகத்தின் பொது அளவாகிவிட்டது. அமெரிக்கத் தோட்டக்காரர்கள் பழத்தை நீர்த்த அமிலத்தில் கழுவிக் கப்பலேற்றினார்கள். அதே நாட்டில் அதே பழத்தைத் தின்றவர்களுக்கு அதே கண்டிப்பு வந்துசேர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. யார் வாங்குகிறார்களோ அவர்கள் கேட்டால் அளவு பிறக்கும் என்ற பழக்கம் அன்றே வேரூன்றிவிட்டது.

இந்தியாவில் இந்தக் கதை வேறு வாசல் வழியாக நுழைந்தது. மலேரியாவுக்காக டிடிடி, வெட்டுக்கிளிக்காகப் பிஹெச்சி என்று 1940களின் கடைசியில் வந்த மருந்துகள், 1952-இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் பிஹெச்சி தொழிற்சாலை தொடங்கியபின் உள்நாட்டுச் சரக்காயின. அவற்றைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் எதுவும் அப்போது இல்லை. 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் சென்னை மாநிலத்தின் சில பகுதிகளிலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உணவு நஞ்சாகி இறந்தார்கள். பாலிடால் என்ற பாரத்தியான் மருந்தும் உணவுப் பொருளும் ஒரே கப்பலின் ஒரே அறையில் ஏற்றப்பட்டு வந்திருந்தன. கசிந்த மருந்து உணவில் கலந்துவிட்டது. நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பத்து ஆண்டுகள் கழித்து 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது, விதிகள் 1971-இல். தென்காசிக்காரர்களுக்கு இதில் ஒரு கசப்பான பொருத்தம் உண்டு. இன்று எந்த மாநிலத்துக்குக் காய்கறி அனுப்புவதால் பேச்சு கேட்கிறார்களோ, அந்த மாநிலத்துச் சாவுகள்தான் நாட்டின் பூச்சிமருந்துச் சட்டத்துக்கே காரணம்.

கப்பல் அறையில் நடந்த விபத்திலிருந்து பிறந்த சட்டம் கப்பல் அறையையே மனத்தில் வைத்து எழுதப்பட்டது. யார் தயாரிக்கலாம், எப்படிச் சேமிக்கலாம், உணவோடு சேர்த்து ஏற்றலாமா, கடைக்கு உரிமம் உண்டா என்பவற்றில் அதற்குத் தெளிவு அதிகம். வயலில் அடித்த மருந்து காயில் எத்தனை நாள் தங்கும் என்பது வேறொரு அமைச்சகத்தின் கீழிருந்த 1954-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் பாடு. ஒன்று மருந்தைப் பதிவு செய்யும், இன்னொன்று எச்சத்துக்கு வரம்பு வைக்கும். இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் நெடுநாள் இல்லை. 2003-இல் குளிர்பானங்களில் பூச்சிமருந்து இருப்பதாக டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் அறிவித்து, நாடாளுமன்றக் கூட்டுக்குழு உட்கார்ந்து, 2004-இல் அறிக்கை கொடுத்தபோதுதான், வரம்பு வகுக்காமலே பல மருந்துகள் பதிவாகியிருந்தது ஊரறிந்த செய்தியானது. வரம்பு வைத்த பிறகே பதிவு என்று குழு பரிந்துரைத்தது. நியாயமான பரிந்துரை. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு: ஒரு மருந்தை ஒரு பயிரில் சேர்ப்பதற்கான செலவு கூடியது.

செலவு எங்கே வருகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒரு மருந்தின் லேபிளில் ‘எலுமிச்சை’ என்று ஒரு சொல் ஏற, அந்தப் பயிரில் அது பூச்சியைக் கொல்கிறது என்பதற்குப் பல பருவ, பல இடச் சோதனை வேண்டும். எச்சம் குறையும் வேகத்துக்குத் தனிச் சோதனை வேண்டும். வயலைப் பாத்திகளாகப் பிரித்து, சிபாரிசு அளவில் சிலவற்றிலும் இரு மடங்கு அளவில் சிலவற்றிலும் அடிப்பார்கள். சிலவற்றை அடிக்காமல் விடுவார்கள். அடித்த இரண்டு மணி நேரத்தில் முதல் மாதிரி, பிறகு 1, 3, 5, 7, 10, 15-ஆம் நாட்களில் அடுத்தடுத்த மாதிரிகள். ஆய்வகத்தில் காயை உறையவைத்து அரைத்து, பத்து கிராம் கூழை அசிட்டோநைட்ரைல் ஊற்றிய குழாயில் போட்டு, மெக்னீசியம் சல்பேட்டும் உப்பும் சேர்த்துக் குலுக்கி, சுழலவைத்துத் தெளிவை எடுக்கிறார்கள். 2003-இல் வெளியான இந்த முறை பழைய முறைகளைவிட மலிவு, விரைவு. ஆனாலும் ஒவ்வொரு பயிரும் தன் குணத்தைக் காட்டும். எலுமிச்சையின் புளிப்பு சில மருந்துகளின் அளவீட்டைக் கெடுப்பதால், ஐரோப்பியத் தர முறையில் பத்து கிராம் எலுமிச்சைக்கு 0.6 மில்லி காரக் கரைசல் தனியாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் கருவியில் பொய்யான சைகை காட்டும். கறிவேப்பிலையின் பச்சையமும் எண்ணெயும் இன்னொரு தொல்லை. எலுமிச்சையைத் தோலோடு முழுசாக அரைத்துத்தான் அளக்கிறார்கள். சர்பத் குடிப்பவருக்கு அது கூடுதல் பாதுகாப்பு, ஊறுகாய் போடுபவருக்கு அதுவே உண்மை நிலவரம்.

இவ்வளவையும் ஒரு கம்பெனி நெல்லுக்கும் பருத்திக்கும் செய்யும். விற்பனையில் பணம் திரும்பிவிடும். முருங்கைக்கும் கோவைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் எதற்குச் செய்யும்? சட்டத்தின் 9(4) பிரிவுப்படி, ஒருவர் பதிவு செய்த மருந்தைப் பின்னால் வருபவர்கள் அதே நிபந்தனையில் பதிவு செய்துகொள்ளலாம். மருந்தின் விலை குறைய இது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் காப்புரிமை முடிந்த மருந்துக்குச் சின்னப் பயிர் ஒன்றில் தரவு சேர்ப்பவர், எதிர்க்கடைக்காரருக்கும் சேர்த்துச் செலவு செய்கிறவராகிவிடுகிறார். எனவே யாரும் செய்யவில்லை. கீரைக்கும் முருங்கைக்கும் ஃபரிதாபாத்திலுள்ள பதிவுக் குழுவின் பட்டியலில் இடம் மிகக் குறைவாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு. அந்தப் பயிர்களில் மருந்து ஆபத்தானது என்று யாரும் அளந்து பார்த்துச் சொன்னதில்லை.

பட்டியலில் இல்லாத பயிருக்குச் சட்டம் என்ன வரம்பு வைக்கிறது? கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், நூறு டன் காய்கறியில் ஒரு கிராம். ஜப்பான் 2006-இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2008-இலும் நடைமுறைக்குக் கொண்டுவந்த பொது அளவு இது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதியிலும் இப்போது இதுதான். இந்த எண் எந்த மருந்தின் நச்சுத்தன்மையையும் கணக்கிட்டு வந்ததல்ல. நல்ல ஆய்வகம் நம்பிக்கையோடு அளக்கக்கூடிய அடிமட்டத்தை ஒட்டி வைக்கப்பட்ட எண். பக்கத்து நெல்வயலில் அடித்த மருந்து காற்றில் வந்து கீரையில் படிந்தாலே இதைத் தாண்டிவிடலாம். அதே மருந்து, அதே அளவு, கத்தரியில் இருந்தால் சட்டத்துக்கு உட்பட்டதாகவும் கீரையில் இருந்தால் மீறலாகவும் ஆகக்கூடும்.

2015-இல் கேரளம் தமிழ்நாட்டுக் காய்கறிக்குத் தடை விதிக்கப்போவதாகப் பேச்சு எழுந்தபோது இந்த வேறுபாடு யார் வாயிலும் வரவில்லை. வெள்ளாயணியில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் சந்தை மாதிரிகளைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டுவந்தது; அது பாராட்டத்தக்க வேலை, தமிழ்நாட்டில் அந்த அளவு வெளிப்படை இன்றும் இல்லை. தமிழக அரசு குற்றச்சாட்டை மறுத்தது. ஒரு பக்கம் ‘விஷம்’, மறுபக்கம் ‘அவதூறு’. எத்தனை மாதிரியில் வகுக்கப்பட்ட வரம்பு மீறப்பட்டது, எத்தனையில் வரம்பே இல்லாத மருந்து காணப்பட்டது என்று பிரித்துப் பேசியிருந்தால், முதலாவதற்கு விவசாயியையும் மருந்துக்கடையையும், இரண்டாவதற்கு டெல்லியையும் கேட்டிருக்கலாம்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, லேசானதும் அல்ல. லேபிளில் இருக்கிற பயிரிலேயே விவசாயி லேபிளைப் பார்ப்பதில்லை. மருந்துக்கடைக்காரர் சொன்ன இரண்டு மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடிக்கிறார். காய்கறியில் தடை செய்த பிறகும் மோனோகுரோட்டோபாஸ் வயலுக்குப் போனது. உண்மை. ஆனால் இன்று அவர் லேபிளை மதிக்க முனைந்தாலும் கீரைக்கு அதில் பதில் இல்லை. கத்தரியும் வெண்டையும் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு பறிப்பு. ஏழு நாள் காத்திருப்புக் காலம் என்றால் இரண்டு பறிப்பைக் கீழே கொட்ட வேண்டும். எந்த மருந்து மூன்று நாளில் இறங்கும் என்று பயிர்வாரியாகச் சொல்லத் தரவு வேண்டும். அது இல்லாத இடத்தில் கடைக்காரர் சொல்தான் சட்டம். வேளாண் துறையின் பூச்சிக்கொல்லி ஆய்வகம் கோவில்பட்டியில் இருக்கிறது. ஆனால் அது பார்ப்பது டப்பாவுக்குள் இருக்கும் மருந்தின் தரத்தை, காயில் ஏறிய எச்சத்தை அல்ல.

இன்னொரு வாதம், மருந்தே வேண்டாம் என்பது. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் விதைத்த எண்ணம் தென் மாவட்டங்களில் வீண்போகவில்லை. 2023-இல் தமிழக அரசு இயற்கை வேளாண்மைக்கென்று கொள்கையே வெளியிட்டது. அந்தத் திசையில் போவது நல்லது. ஆனால் எச்சச் சோதனை மருந்துக்கு ஆதரவான ஏற்பாடு என்று நினைப்பது தவறு. இந்த மருந்து இந்தப் பயிரில் இறங்கவே இறங்காது, அனுமதிக்கக் கூடாது என்று சொல்லவும் அதே சோதனைதான் வேண்டும். மண்ணில் பழைய மருந்து மிச்சமிருக்கிறதா, பக்கத்து வயலிலிருந்து வந்ததா என்ற வழக்கில் இயற்கை விவசாயியைக் காப்பாற்றுவதும் அதுதான். கம்பெனியே செலவு செய்யட்டும் என்கிற மூன்றாவது வாதம் அறத்தில் சரி. எழுபது வருடமாக நடைமுறையில் நடக்கவில்லை.

அமெரிக்கா இதே முட்டுக்கட்டையை 1963-இல் சந்தித்து, ஐஆர்-4 என்ற பொதுத் திட்டத்தைத் தொடங்கியது. கம்பெனி தொடாத சிறு பயிர்களுக்கு அரசுப் பணத்தில், மாநில வேளாண் ஆராய்ச்சி நிலையங்களின் வயல்களில் எச்சத் தரவு சேர்ப்பது அதன் வேலை. நம்மிடம் இதற்கான உறுப்புகள் இல்லாமல் இல்லை: 1980களின் நடுவிலிருந்தே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் எச்ச ஆய்வுத் திட்டம் இருக்கிறது, கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதில் ஒரு மையம். திராட்சை விஷயத்தில் மனம் வந்தபோது எல்லாம் நடந்தது. 2003-இல் ஐரோப்பா இந்தியத் திராட்சையைத் திருப்பியதும், புனேயில் தேசிய ஆய்வகமும் தோட்டம் தோட்டமாகக் கண்காணிப்பும் வந்துவிட்டன. திராட்சைக்கு அன்னியச் செலாவணி இருந்தது, கோவைக்காய்க்கு இல்லை.

குறுக்கு வழிகளும் உண்டு. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், ஒரு குடும்பத்துப் பிரதிநிதிப் பயிரின் தரவைச் சிறு பயிருக்கு நீட்டும் நெறிகளை 2012-இல் வகுத்தது. பெரிய வெங்காயமான பல்லாரியின் தரவு சின்ன வெங்காயத்துக்கு நிழல் தரும் என்பது அதில் நியாயமானது. சுரைக்காயின் தரவைக் கீரைக்கு நீட்ட முடியாது. ஒரே அடிப்பில் மெல்லிய இலை எடைக்கு எடை பல மடங்கு மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மசாலாப் பயிர்களுக்கு 2004 வாக்கிலேயே வயல் சோதனைக்குப் பதிலாகச் சந்தை மாதிரித் தரவை வைத்துச் சர்வதேச வரம்புகள் வகுக்கப்பட்டன. 2024 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மசாலாக்களுக்கும் மூலிகைகளுக்கும், இங்கே பதிவாகாத மருந்துகளுக்கான பொது வரம்பை 0.01-இலிருந்து 0.1 ஆக்கியது. ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாக்களை விற்பனையிலிருந்து நீக்கச் சொன்ன அதே மாதம். வயலில் அளக்காமல் எண்ணை மட்டும் நகர்த்தினால் சந்தேகம்தான் வளரும்.

கடையம் பக்கத்துக்கு உகந்த தொடக்கம் சிறியதாகவே இருக்கலாம். எலுமிச்சைக்கு ‘சிட்ரஸ்’ என்ற பொதுப்பெயரில் சில மருந்துகளாவது லேபிளில் இருக்கின்றன, சின்ன வெங்காயத்துக்குப் பல்லாரியின் துணை உண்டு. ஆகவே முதலில் எடுக்க வேண்டியவை கீரை, முருங்கை, கறிவேப்பிலை. வயல் இங்கே, கருவி கோவையில். மாதிரியில் பாதியை வெள்ளாயணிக்கு அனுப்பி, செலவில் ஒரு பங்கைக் கேரளமும் ஏற்கக் கேட்கலாம். தின்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். இரண்டு ஆய்வகமும் ஒரே எண்ணைச் சொன்னால், அந்த எண்ணோடு இரண்டு மாநிலமும் சேர்ந்து ஃபரிதாபாத்தின் கதவைத் தட்டலாம்.