புல்லட்டின் பழைய குரல்

தியாகதுருகத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுத் திண்ணையோரம் ஒரு புல்லட் நிற்கிறது. 1973ஆம் ஆண்டு, அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் பதிவான வண்டி. பெரியப்பா காலமான பின் ஒன்பது ஆண்டுகள் சாக்குப் படுதாவின் கீழ்க் கிடந்த அதனைச் சென்ற ஆண்டு சகோதரர்கள் நாங்கள் மூவரும் ஓடவைக்க முனைந்தோம். எஞ்சின் எதிர்பார்த்ததைவிட எளிதில் இணங்கிவிட்டது. கார்புரேட்டரைக் கழுவி, பிளாட்டினம் பாயிண்ட்டைத் தேய்த்து, புது பெட்ரோல் ஊற்றியதும் ஏழாவது உதையில் உயிர் வந்தது. எங்களை அலைக்கழித்தது சைலன்சர்தான். மேலே குரோமியம் பளபளப்பு கொஞ்சம் எஞ்சியிருந்தது. அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தியபோது தகடு அப்பளம்போல் பொடிந்தது. புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டுவது அரைமணி நேர வேலை என்று எண்ணினோம். ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதங்களில் படித்ததும் கேட்டதும் பட்டதுமே இக்கட்டுரை.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது. ஆங்கிலேயர் சைலன்சர் என்பதை அமெரிக்கர் மஃப்ளர் என்பர். நமக்கு வந்து சேர்ந்தது ஆங்கிலேயர் சொல். நம்மூரில் மஃப்ளர் கேட்டால் மார்கழிப் பனிக்குக் கழுத்தில் சுற்றும் கம்பளித் துணியைத்தான் எடுத்துத் தருவார்கள். கலைச்சொல்லாக்கம் செய்வோர் ஒலியடக்கி என்று ஆக்கியிருக்கிறார்கள். எந்தப் பட்டறையிலும் அச்சொல் நுழைந்ததாகத் தெரியவில்லை. உண்மையில் சைலன்சர் என்ற பெயரும் சற்று மிகையானதே. அது ஒலியை ஒழிப்பதில்லை. உருமாற்றித் தருகிறது.

வாகனப் புகைக்குழாயில் இத்தகைய கருவியைப் பொருத்தும் எண்ணம் மிகப் பழையது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டனர். ஆயினும் சைலன்சர் என்ற பெயரைப் புகழ்பெறச் செய்தவர் ஹைரம் பெர்சி மேக்சிம். இவருடைய தந்தை ஹைரம் மேக்சிம், உலகப் போர்களின் முகத்தையே மாற்றிய இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். அதன் ஓயாத வெடியோசையில் செவிப்புலனை இழந்தவர். மகன் 1909இல் துப்பாக்கிக்கான ஒலியடக்கிக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கிக் குழலின் நுனியில் திடீரென விடுபடும் வாயுவைச் சுழலவிட்டு, விரியவிட்டு, மெல்ல வெளியேற்றினால் ஓசை தணியும் என்பது அடிப்படை. எஞ்சினுக்கும் அதே நெறிதான். தந்தை எழுப்பிய ஓசையை அடக்க மகன் வாழ்நாளைச் செலவிட்டார் என்று கதை கட்டினால் நன்றாகத்தான் இருக்கும்; நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

ஆனால் துப்பாக்கித் தொடர்பு நம் வண்டிக்கு உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம், என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த வழியில் அப்பெயரைச் சூட்டிக்கொண்டது. பீரங்கியைச் சின்னமாக வைத்து, துப்பாக்கியைப்போல் செய்யப்பட்டது என்று விளம்பரம் செய்தது. 1932இல் புல்லட் என்ற பெயர் வந்தது. 1950களின் முற்பகுதியில் எல்லைக் காவலுக்காக இந்திய அரசு 350 சிசி புல்லட்டுகள் 800 வேண்டும் என்று கேட்க, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச்சும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தொடக்கத்தில் அங்கிருந்து வந்த பாகங்களைக் கோப்பது மட்டுமே வேலை. 1957இல் அச்சுகளும் கருவிகளும் விலைக்கு வாங்கப்பட்டு, சில ஆண்டுகளில் வண்டி முழுவதும் இங்கேயே உருவாகத் தொடங்கியது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அந்நிறுவனத்தின் உற்பத்தியே அற்றுப்போனது. தாய்வீடு அழிந்தபின் மகள்வீட்டில் வழக்கொழியாமல் நின்ற பேச்சைப்போல, அங்கே மறைந்த வண்டி வடசென்னையில் தொடர்ந்தது. 1977இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆயிற்று.

எங்கள் வண்டி 1973இல் பிறந்தது என்பதன் பொருள் இதுதான்: அது ஆங்கிலேய வண்டியன்று; ஆங்கிலேய வரைபடத்தின்படி திருவொற்றியூர்க் கைகள் செய்த வண்டி. சைலன்சர் தேடும்போது இந்த வேறுபாடு குறுக்கே வந்து நின்றது.

அதன் ஓசை எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர்; உள்விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 90 மில்லிமீட்டர். நான்கு வீச்சு எஞ்சின் ஆதலால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே வெடிப்பு. கனத்த சுழற்சக்கரம் இருப்பதால் நிமிடத்திற்கு 800 சுற்று என்ற மெதுவான ஓட்டத்திலும் நின்றுபோகாது. அப்போது நிமிடத்திற்கு 400 வெடிப்பு, நொடிக்கு ஆறு அல்லது ஏழு. இவ்வளவு இடைவெளி இருந்தால் காது ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்கும். வேகம் கூடி நொடிக்கு இருபதைத் தாண்டும்போது அடிகள் கலந்து ஒரே முழக்கமாகிவிடும். ஊர் போற்றும் அந்த டுப்டுப்பு எஞ்சினின் மெதுவில் இருக்கிறது. அதை முறையாக வெளியே அனுப்புவது மட்டுமே சைலன்சரின் பணி.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே தொல்காப்பியத்தின் பிறப்பியல் நினைவுக்கு வராமல் போகாது. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் எழுத்தாகத் திரிகிறது என்பது அவ்வியலின் கருத்து. காற்று ஒன்றே, கடந்து வரும் இடமே எழுத்தை வேறுபடுத்துகிறது. எஞ்சின் உந்தியென்றால் சைலன்சர் மிடறும் வாயுமாகும். இந்த ஒப்புமையைப் பட்டறையில் சொல்லிப் பார்த்தோம். மெக்கானிக் பாய் சிரித்துவிட்டு ஸ்பேனரைக் கேட்டார்.

எஞ்சினும் சேசிஸும் ஐம்பது ஆண்டுகள் நிற்க, சைலன்சர் ஏன் அழிகிறது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நெடுந்தொலைவு ஓடும் வண்டியில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். வீட்டிலிருந்து கொல்லைக்கும், கொல்லையிலிருந்து கடைத்தெருவுக்குமாக ஓடும் வண்டியில் சைலன்சர் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. நீர் உள்ளேயே தங்கி, கரியோடும் அமிலத்தோடும் கலந்து தகட்டை அரிக்கிறது. பெரியப்பா நடுவயதில் கரும்புப் பணத்துக்காக மூங்கில்துறைப்பட்டு ஆலை வரைக்கும், சிலசமயம் கல்வராயன் மலையேறி வெள்ளிமலைக்கும் போய்வருவார். கடைசிப் பத்தாண்டுகளில் அவருடைய எல்லை இரண்டு கிலோமீட்டராகச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தின் கணக்கைச் சைலன்சர் தன் அடிவயிற்றில் எழுதி வைத்திருந்தது.

இதனால் ஒரு வரலாற்றுச் சிக்கல் பிறக்கிறது. பழைய வண்டிகளின் வடிவத்தை நாம் ஐயமின்றி அறிவோம். படங்கள் இருக்கின்றன, வண்டிகளே இருக்கின்றன. குரலை அறியோம். குரலைத் தரும் உறுப்பு பத்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட்டு வந்திருக்கிறது. இன்று சாலையில் கேட்கும் பழைய புல்லட்டின் ஓசை பெரும்பாலும் நேற்றுப் பூட்டிய குழாயின் ஓசை.

இதை அறியாமல் நாங்கள் முதலில் செய்த பிழை, சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய் வந்த தம்பி வாங்கி வந்த குட்டை பாட்டில் சைலன்சர். பாட்டில்களில் குட்டை, நெட்டை என இருவகை. கோல்டு ஸ்டார் என்று இன்னொன்று, பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் பழைய பந்தய வண்டியின் பெயரைச் சுமந்து வருவது. மெகாஃபோன், பஞ்சாப் என இன்னும் பல. எங்கள் பாட்டிலுக்குள் பேஃபிள் என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லை. பூட்டி உதைத்ததும் தெரு நாய்கள் எழுந்து ஓடின. நாங்கள் மூவரும் மகிழ்ந்து போனோம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. வண்டி வாசலுக்கு வந்து நின்றபோது உள்ளேயிருந்து பெரியம்மா, “யாரு வண்டிடா அது?” என்று கேட்டார்.

நாற்பது ஆண்டுகள் அந்த ஓசையைக் கேட்டே உலை வைத்தவர் அவர். கள்ளக்குறிச்சிச் சாலையில் வண்டி திரும்பும்போதே தெரிந்துவிடும் என்பார். கோட்டை மலையடியில் இருக்கும் ஊர். 1761இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போன கோட்டை அது. இரவு அமைதியில் ஓசை பாறையில் பட்டுத் திரும்பி வரும். “உங்க பெரியப்பா வண்டி இப்புடிக் கத்தாதுடா. அது பாட்டுக்கு வரும்” என்றார். ஆய்வேடுகளில் வாய்மொழிச் சான்று என்று எழுதுகிறோமே, அதனினும் உறுதியான சான்றை நாங்கள் கண்டதில்லை.

மறுநாள் பாய் தொழில்முறை விளக்கம் தந்தார். “சார், இது ஊளைதான் போடுது, பேசமாட்டேங்குது. கொஞ்சநாள் ஓட்டினா வால்வும் போயிரும்.” புகை தடையின்றி வெளியேறினால் கார்புரேட்டரின் ஜெட் அளவு பொருந்தாமல் போகும், கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகும், எஞ்சின் சூடேறும், ஆக்சிலேட்டரை விட்டவுடன் குழாய்க்குள் படபடவென வெடிக்கும். பலர் அந்த வெடிப்பையே வீரமெனக் கொண்டாடுகிறார்கள். சத்தம் கூடினால் சக்தி கூடும் என்பது பரவலான நம்பிக்கை, 6.5க்கு 1 என்ற குறைந்த அழுத்த விகிதமுடைய அந்த எஞ்சினில் 18 குதிரைத்திறனுக்கு அப்பால் எந்தப் பாட்டிலும் கறந்துவிட முடியாது. ஜாவா போன்ற இரண்டு வீச்சு வண்டியானால் பேச்சே வேறு. 1961 முதல் மைசூரில் உருவான அந்த வண்டிக்கு ஒரு சிலிண்டர், இரண்டு சைலன்சர். புகைக்குழாய் அங்கே எஞ்சினின் ஓர் உறுப்பாகவே வேலை செய்யும். கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடன் அந்தக் குழாயின் வடிவை ஆராய்ந்தே எம்.இசட். வண்டிகளைப் பந்தயங்களில் முந்தச் செய்தார். அவரிடம் ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் நாட்டைவிட்டு வெளியேறி அந்த நுட்பத்தைச் சுசுகிக்குக் கொண்டுசேர்த்த கதை தனியே எழுதத்தக்கது.

உரத்த ஓசை பழைமையின் அடையாளம் என்பதும் பிழையே. இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் சுற்றுவட்டாரத்தார் வழக்குத் தொடுத்ததால் 1920களின் நடுவிலேயே பந்தய வண்டிகளுக்கும் சைலன்சர் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி, ஒவ்வொரு வண்டியிலும் ஒலியை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. 2019இல் சட்டம் திருத்தப்பட்ட பின் ஒலி வரம்பை மீறினால் மூன்று மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பறித்த சைலன்சர்களைப் போலீசார் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்களை நாளிதழ்களில் வாசகர்கள் பார்த்திருக்கலாம்.

பாட்டில் கழன்றது. அடுத்து எந்த அசலைப் பூட்டுவது என்ற கேள்வி. இங்கிலாந்தில் ரெட்டிச் காலத்து வடிவில் இன்றும் அழகாகச் செய்து விற்கிறார்கள். அண்ணனுக்கு அதில் ஆசை. 1973இன் திருவொற்றியூர் வண்டிக்கு 1955இன் ரெட்டிச் குரல் எதற்கு என்று நாங்கள் இருவர் மறுத்தோம். மூலபாடம் தேடுகிறேன் என்று ஏட்டில் இருப்பதைத் திருத்திவிடும் பதிப்பாசிரியர்களை நாம் அறிவோமல்லவா? ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் அரசு தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்டக்கூடாது. எங்களுக்கு வேண்டியது கடைத்தெருவுக்குப் போய்வரும் வண்டி. அந்தப் பதிவுக்குப் போகவில்லை.

முடிவில் வழிகாட்டியது பழைய சைலன்சரே. பாய் அதனை நீளவாக்கில் அறுத்துப் பிளந்தார். உள்ளே நடுக்குழாய் கரிபடிந்து, ஆனால் அளவு தெரியும்படி இருந்தது. குழாயின் நடுவே ஓர் அடைப்புத் தகடு. அதற்கு முன்னும் பின்னும் வரிசையாகத் துளைகள். புகை முன்துளைகள் வழியே வெளிக்கூட்டுக்குள் இறங்கி, விரிந்து, பின்துளைகள் வழியே மீண்டும் குழாய்க்குள் ஏற வேண்டும். துளைகளை எண்ணி, விட்டத்தை வெர்னியரில் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டோம். கம்பெனி மாதிரியில் செய்த நீளக் கூடு ஒன்று சேலத்தில் கிடைத்தது. அதனுள் இருந்த குழாயை எடுத்துவிட்டு, நாங்கள் குறித்த அளவில் லேத்து பட்டறையில் செய்த குழாயைப் பொருத்தினோம். பெண்டு பைப்பு மட்டும் பழையது. அது கெட்டியாகவே இருந்தது. கூட்டின் அடியில், தாழ்வான இடத்தில், பாய் தன் போக்கில் ஒரு சிறு துளையும் இட்டார். “தண்ணி எறங்கணும் சார்” என்றார்.

அன்று மாலை வண்டியை வாசலில் நிறுத்தியபோது பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இப்போதெல்லாம் காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் அத்துளையிலிருந்து கரிய நீர் சொட்டுகிறது. சிமெண்டுத் தரை கறைபடுகிறதென்று அதன்கீழே ஒரு கொட்டாங்கச்சியை வைத்திருக்கிறார்.