காஞ்சியின் அரிசி மதுவும் பாட்டில் பீரும்: கெடுதலின் வரலாறு

பீர் கெடுவதற்கு ஒரே காரணம் கிடையாது. எத்தனை நாள் வைத்துக் குடிக்கிறோம் என்பது மாற மாற, கெடும் விதமும் மாறி வந்திருக்கிறது. ஒரு குறையைத் தடுக்கக் கண்ட வழி, அதுவரை தலைகாட்டாத இன்னொரு குறைக்கு இடம் கொடுத்தது. இந்த வரலாற்றைக் காஞ்சிபுரத்திலிருந்து தொடங்கலாம். தானிய மது செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்லும் சங்க நூல் ஒன்று காஞ்சியை ஆண்டவனைப் பற்றியது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், பாணன் செல்லும் வழியில் வலைஞர் குடியிருப்பு வருகிறது. அங்கே அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆற்றுகிறார்கள். நெல்முளை என்று பொருள் கொள்ளப்படும் அடையை அதில் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயுள்ள சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். முளைத் தானியத்தால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிப் புளிக்கவைக்கும் இந்த முறை, அடிப்படையில் பீர் செய்யும் முறையேதான்.

களியை ஆற்றுவதற்குக் காரணம் உண்டு. கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் முளையின் நொதிகள் செயலிழந்துவிடும். ஆனால் ஆறும் அந்த நேரத்தில்தான் ஈஸ்ட்டோடு லாக்டிக் அமில பாக்டீரியாவும் உள்ளே இறங்குகிறது. தொண்டை நாட்டு வெயிலில் இரண்டுமே விரைந்து பெருகும். பிழியும்போது காற்றும் கலந்துவிடுவதால், அடுத்து அசிட்டிக் அமில பாக்டீரியா ஆல்கஹாலைக் காடியாக்கும். ஆகவே இந்த மதுவைச் செய்த சூட்டோடு குடித்துத் தீர்க்க வேண்டும். அதன் எதிரி புளிப்பு ஒன்றே. மற்ற குறைகள் தோன்றக் காலமே இல்லை. பனங்கள்ளும் இப்படித்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் புளிப்பைத் தடுத்தால் கிடைப்பது பதநீர், கள் அன்று. முதலாம் மகேந்திரவர்மன் தன் மத்தவிலாசப் பிரகசனத்தில் காட்டும் காஞ்சியின் மதுக்கடையிலும் நாள்கணக்கில் கெடாமல் நிற்கும் மது இருந்திருக்க வழியில்லை.

நீண்டநாள் சேமிப்பு கப்பலோடு வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் போ ஆலையின் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் போன்றோரின் பீர், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம் செய்து இந்தியத் துறைமுகங்களை அடைந்தது. அதைக் காத்ததில் ஹாப்ஸ் பூவுக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் கசப்பு அமிலங்கள் லாக்டிக் அமில பாக்டீரியா பலவற்றை அடக்கும். ஆனால் அதே கசப்புச் சேர்மங்கள் ஒளி பட்டால் சிதைந்து, கந்தகச் சேர்மமொன்றாக மாறித் துர்நாற்றம் தரும். பழுப்பு பாட்டில் வந்தது இதற்காகத்தான்.

1876இல் லூயி பாஸ்டர் பீர் பற்றிய தம் நூலில், கெடுதலுக்கு வேண்டாத நுண்ணுயிர்களே காரணம் என்று நிறுவினார். 1883இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தார். பீரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்பேன். அதுவரை ஈஸ்ட்டோடு கலந்து வந்த காட்டு ஈஸ்ட்டும், வெண்ணெய் வாடை தரும் டையசெட்டிலை உண்டாக்கும் பாக்டீரியாவும் ஆலையை விட்டு விலகின. ஏறத்தாழ 60 டிகிரியில் பாட்டிலைச் சூடாக்கும் பாஸ்டர் முறை மிச்சத்தையும் அழித்தது.

நுண்ணுயிர் ஒழிந்த பின்புதான் வேதியியலால் வரும் கெடுதல் வெளிப்பட்டது. மூடிய பாட்டிலில் எஞ்சிய சிறிதளவு ஆக்சிஜன் போதும். மாதங்கள் செல்லச் செல்ல ஹாப்ஸ் மணம் மங்கி, நனைந்த அட்டையின் வாடை எழும். அதோடு தொடர்புடைய டிரான்ஸ்-2-நானெனல் என்ற சேர்மத்தை 1970 வாக்கில் ஆய்வாளர்கள் இனங்கண்டார்கள். ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே நாக்கு கண்டுகொள்ளும். வெப்பம் ஏற ஏற இந்த வினைகள் விரைவாகும். குளிரில் மாதக்கணக்கில் புதிதாக இருக்கும் பீர், கோடையில் 40 டிகிரியைத் தொடும் காஞ்சிபுரத்தின் கிடங்கில் சில வாரங்களிலேயே கிழடு தட்டிவிடும். குளிர்ப்பெட்டியைக் கடையில் மட்டும் வைத்து, லாரியையும் கிடங்கையும் வெயிலில் விடுவது பயனற்றது. அதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

அண்மைக்கால ஆய்வு மீண்டும் தானியத்துக்கே திரும்பியிருக்கிறது. கொழுப்பு அமிலங்களை ஆக்சிஜனேற்றும் லிபாக்சிஜனேஸ் நொதி இல்லாத பார்லி வகைகளை ஜப்பானின் சப்போரோவும் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க்கும் உருவாக்கியுள்ளன. அவை அட்டை வாடையைத் தள்ளிப்போடுகின்றன, முற்றிலும் நிறுத்தவில்லை.