குரூப் டூவும் ஒரு ஜெர்மன் மாணவனும்

பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்துப் பழைய பாடத்திட்டத்தில் படித்த யாரிடமாவது போய் "குரூப் டூ" என்று சொல்லிப் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி. ஞாபகம் வருவதற்கு முன்னாடியே மூக்கில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் :-) ஹைட்ரஜன் சல்பைடு வாயு! கெமிஸ்ட்ரி ப்ராக்டிகலில் கொடுத்த உப்பு என்னவென்று கண்டுபிடிக்கிற வேலை. குரூப் ஒன்றில் ஆரம்பித்து ஆறு வரைக்கும் வரிசையாகச் சோதனை செய்து, கடைசியில் பேரைச் சொல்லணும். அந்த வரிசையைப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி மந்திரம் மாதிரி முணுமுணுத்த தலைமுறை நாங்கள்.

இந்த வரிசையை யார் போட்டது? ரொம்ப நாள் கழித்துத்தான் தேடிப் பார்த்தேன். பதில் சுவாரசியமாக இருந்தது. போட்டவரே ஒரு மாணவர்!

பேர் கார்ல் ரெமிகியஸ் ஃப்ரெசீனியஸ். 1818-ல் ஃப்ராங்ஃபர்ட்டில் பிறந்தவர். மருந்துக்கடையில் தொழில் பழகிவிட்டு பான் நகருக்குப் படிக்கப் போனார். அங்கே உப்புகளைப் பிரித்தறியப் புத்தகம் இல்லாமல் இல்லை. ஹைன்ரிச் ரோஸ் என்பவர் 1829-லேயே பெரிய புத்தகம் போட்டிருந்தார். ஆனால் அதில் அரிதான தனிமம் முதற்கொண்டு எல்லாமே இருக்கும், புதுசாகப் படிக்கிறவன் திணறிப் போவான். அதனால் ஃப்ரெசீனியஸ் அடிக்கடி தேவைப்படுகிற தனிமங்களையும், நிச்சயமாகப் பலன் தரும் சோதனைகளையும் மட்டும் பொறுக்கியெடுத்து, தன் உபயோகத்துக்காக ஒரு வரிசை எழுதி வைத்துக்கொண்டார். அது 1841-ல் புத்தகமாக வந்தது. அப்போது அவருக்கு வயது 22. அடுத்த பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் அந்தக் காலத்து வேதியியல் ஜாம்பவான் லீபிக். நம்ம பாஷையில் சொன்னால், ஒரு பையன் எழுதிய நோட்ஸ், அதற்கு வாத்தியாரே மதிப்புரை!

சரி, அந்த வரிசையில் என்ன விசேஷம்? அது ஒரு சல்லடை. கரைசலில் முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் காரீயம் வெள்ளையாகப் படியும். அப்புறம் அந்த அமிலத்தோடேயே ஹைட்ரஜன் சல்பைடு விட்டால் தாமிரம் கறுப்பாகப் படியும். அடுத்தது அம்மோனியம் குளோரைடும் அம்மோனியம் ஹைட்ராக்சைடும். இரும்பும் அலுமினியமும் அதில் மாட்டும். அந்தக் காரக் கரைசலில் மறுபடியும் அதே வாயுவை விட்டால் இப்போது துத்தநாகம் வெள்ளையாக வரும். அதன் பிறகு அம்மோனியம் கார்பனேட்டில் கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம். எதிலும் சிக்காமல் கடைசி வரை தப்பிப்பது மெக்னீசியம்.

ஒரே வாயு, இரண்டு இடத்தில் இரண்டு வேலை. அமிலம் இருந்தால் சல்பைடு அயனிகள் ரொம்பக் குறைந்துவிடும், துளிகூடக் கரையாத சல்பைடுகள் மட்டும்தான் படியும். அமிலம் சேர்க்க மறந்தால் துத்தநாகமும் குரூப் டூவிலேயே வந்து உட்கார்ந்து ஆளைக் குழப்பிவிடும். கரைதிறன் பெருக்கம், பொது அயனி விளைவு என்று தியரியில் படித்ததெல்லாம் இதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அயனிகளை வைத்து இதற்கெல்லாம் முறையாகக் காரணம் சொல்லி வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் புத்தகம் எழுதினது 1894-ல். அதாவது வரிசை வந்து 53 வருஷம் கழித்து! முதலில் கண்ணால் பார்த்தார்கள், காரணம் பின்னால் வந்தது.

லேப் மேஜையில் மற்ற சாமான்களும் ஏறக்குறைய அதே காலத்து ஆசாமிகள்தான். பியூரெட், பிபெட் என்ற பேர்களை கே-லுசாக் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1824. பெர்மாங்கனேட்டை வைத்து இரும்பை அளக்கும் முறை 1846. புன்சன் அடுப்பு 1855. அம்மோனியத்துக்குப் பழுப்பாக மாறுகிற நெஸ்லர் கரைசல் 1856. நம்ம ஸ்கூல் லேப்பே ஒரு மியூசியம் போங்கள்.

தமிழ்நாட்டில் இந்த மியூசியம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது 1978-ல். அதுவரைக்கும் காலேஜில் பி.யூ.சி. சேர்ந்தவர்கள்தான் இந்த மாதிரி லேபைப் பார்த்தார்கள். பி.யூ.சி. போய் மேல்நிலைக் கல்வி வந்தபோது, காலேஜ் பக்கமே போகாத பிள்ளைகள் கையிலும் சோதனைக் குழாய் ஏறியது. சின்ன விஷயமில்லை அது. 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு. பிற்பாடு கெமிஸ்ட்ரியின் 200 மார்க்கில் 50 ப்ராக்டிகலுக்கு என்று ஆனது. எஞ்சினியரிங் ஆனாலும் மெடிக்கல் ஆனாலும் கட்-ஆஃபில் கெமிஸ்ட்ரி உண்டு. ஒரு மார்க்கில் சீட் போகும்.

மார்க் இவ்வளவு முக்கியமானதும் சல்லடை தலைகீழானது. கொடுப்பது ஒரே ஒரு எளிய உப்பு. நீலமாக இருந்தால் தாமிரம், பச்சை என்றால் நிக்கல், ரோஸ் என்றால் கோபால்ட். பார்த்ததுமே பேரை முடிவு செய்துவிட்டு, எக்ஸ்பெரிமென்ட், அப்சர்வேஷன், இன்ஃபரன்ஸ் என்று மூன்று பத்தியையும் மனப்பாடத்திலிருந்து எழுதுவது. ஃப்ரெசீனியஸ் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்தார். நாங்கள் முடிவிலிருந்து பார்த்ததை எழுதினோம். இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பரீட்சை கேட்டது பேரை, பார்த்ததை இல்லை.

2017-லிருந்து தமிழ்நாட்டில் டாக்டர் படிப்புக்கு நீட். 2019-லிருந்து பிளஸ் டூ கெமிஸ்ட்ரிக்கு 100 மார்க், அதில் ப்ராக்டிகல் 20. நீட் பாடத்திட்டத்திலும் 2024-ல் செய்முறை வேதியியலைச் சேர்த்தார்கள். ஆனால் அதற்கும் பதில் நாலு வட்டத்தில் ஒன்றைக் கறுப்பாக்குவதுதான். நாற்றமும் இல்லை, வீழ்படிவும் இல்லை.

இன்றைக்குப் படிக்கிற தம்பி தங்கைகளுக்காக இன்னொரு சேதி. நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையச் சோதனை உண்டல்லவா? அந்த வளையத்தில் இரும்பு +1 நிலையில் இருக்கிறது என்றுதான் புத்தகங்கள் வழிவழியாகச் சொல்லிவந்தன. 2019-ல் மியூனிக்கில் அந்தச் சேர்மத்தைப் படிகமாகவே எடுத்துப் பார்த்தார்கள். +3 என்பதுதான் பொருந்துகிறது என்று தெரிந்தது. எத்தனையோ தலைமுறை கண்ணால் பார்த்து, "நைட்ரேட் உறுதி" என்று எழுதி மார்க் வாங்கின வளையம்! அதற்குள் என்ன இருக்கிறது என்பது நேற்றுத்தான் துலங்கியிருக்கிறது.

அதனால் லேபுக்குப் போகிற அன்றைக்கு, உப்பின் பேர் தெரிந்தே இருந்தாலும் பரவாயில்லை, குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு நிமிஷம் பாருங்கள். அதற்கு மார்க் கிடையாதுதான். ஆனால் அந்த 22 வயசுப் பையன் செய்த வேலை அதுதான்.