காத்திருக்காத சென்சார்: கேமரா இணைப்புச் சில்லுத் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

1. சிக்கல்

மும்பையில் மின்னணுப் பாகம் தேடுபவர்கள் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் சாலைக்குத்தான் போவார்கள். கேமரா சென்சாரைக் கணினியோடு சேர்க்கும் சில்லு என்றதும் பேச்சு நேராக யூஎஸ்பி 2-ஆ, 3-ஆ என்பதற்குப் போய்விடும். தேர்வு அங்கிருந்து தொடங்கக் கூடாது என்பது இக்கட்டுரையின் வாதம். சென்சார் யாருக்காகவும் காத்திருக்காது. கடிகாரத் துடிப்புக்கு ஒரு பிக்சல் வீதம் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கணினிக்கோ நூறு வேலை. இந்த இடைவெளியை நடுவில் நிற்கும் சில்லு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

தாராவித் தோல் பட்டறை ஒன்றில், மேசையில் விரித்த தோலின் கீறல்களையும் துளைகளையும் காட்டக் கேமரா ஒன்று வைப்பதாகக் கொள்வோம். சென்சார் அப்டினாவின் எம்டி9பி031. 2592×1944 பிக்சல், 96 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம், முழுப் படமாக விநாடிக்குச் சுமார் 14 பிரேம்.

2. ஓட்டமும் தேக்கமும்

இச்சென்சார் பிக்சலுக்கு 12 பிட் தருகிறது. மேல் 8 பிட்டை மட்டும் எடுத்தாலும், வரிசை ஓடும்போது விநாடிக்கு 96 மெகாபைட் வரும். யூஎஸ்பி 2-இன் பல்க் முறையில் ஏட்டளவு உச்சமே 53 மெகாபைட்தான்; நடைமுறையில் 40 கிடைத்தால் நல்லது. ஆக சைப்ரஸின் யூஎஸ்பி 2 சில்லான எஃப்எக்ஸ்2எல்பி தோற்றுவிட்டது என்று முடிவு கட்டத் தோன்றும்.

அவசரம் வேண்டாம். மேசைமேல் கிடக்கும் தோல் ஓடப்போவதில்லை. கடிகாரத்தை 24 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் விநாடிக்கு மூன்று பிரேமுக்கு மேல் வரும். ஆய்வாளர் கண்ணுக்கு அதுவே தாராளம். ஓட்டமும் 24 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

உண்மையான ஆபத்து பஃபரில், அதாவது தரவு தற்காலிகமாகத் தேங்கும் இடத்தில் இருக்கிறது. எஃப்எக்ஸ்2எல்பியின் தரவு பஃபர் 4 கிலோபைட். குறைத்த வேகத்திலும் அது 171 மைக்ரோவிநாடியில் நிரம்பிவிடும், அதாவது ஒன்றரை வரிசைக்குச் சற்றே அதிகம். யூஎஸ்பி 2 தன் வேலையை 125 மைக்ரோவிநாடித் துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு துண்டு தவறினாலே பஃபர் வழிந்து படத்தில் வரிசை காணாமல் போகலாம். எனவே கணினி நிரல் ஒரு கோரிக்கை முடிந்தபின் அடுத்ததை அனுப்பாமல், பல கோரிக்கைகளை முன்கூட்டியே வரிசையில் போட்டு வைத்திருக்க வேண்டும். சில்லைக் குறை சொல்லும் பலர் இந்த நிரலைத் திருத்தியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

3. பெரிய சில்லுகள்

சைப்ரஸின் யூஎஸ்பி 3 சில்லான எஃப்எக்ஸ்3 வேறு தரம். 32 பிட் பாதை, 100 மெகாஹெர்ட்ஸ், விநாடிக்கு 400 மெகாபைட்; உள்ளே 512 கிலோபைட் நினைவகம். நிரலுக்குப் போக மீதமே படத்துக்கு என்றாலும், தாங்கும் நேரம் மைக்ரோவிநாடியிலிருந்து மில்லிவிநாடிக்கு வந்துவிடுகிறது. கைபேசி வகை மிப்பி சென்சார் என்றால் அதன் உடன்பிறப்பு சிஎக்ஸ்3. அதற்கான டெனபோலா மாதிரி வடிவமைப்பைத் தந்தது சென்னையின் இ-கான் சிஸ்டம்ஸ். எஃப்டிடிஐயின் யூஎஸ்பி 3 சில்லான எஃப்டி601-இல் நிரல் எழுதும் தொல்லை குறைவு. ஆனால் கணினியில் அந்நிறுவனத்தின் டிரைவரை ஏற்ற வேண்டும்.

செம்பூரை அடுத்த டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய மேஸ் தொலைநோக்கி இன்னொரு வழியைக் காட்டுகிறது. லடாக்கின் ஹான்லேயில் 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட அத்தொலைநோக்கியின் கேமராவில் 1088 ஒளிப்பெருக்கிக் குழாய்கள். நானோவிநாடிகளே நீடிக்கும் ஒளியைத் தேடும் கருவி அது; தகுதியான நிகழ்வு என்று கேமராவின் மின்சுற்று கண்டால்தான் பதிவு நடக்கும். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுப் பிறகு பொறுக்குவது அங்கே நடவாத காரியம்.

4. கையில் எட்டுவது

எஃப்எக்ஸ்3-இன் அடியில் 121 உருண்டைகள். சாதாரண சால்டரிங் இரும்பு அதைத் தொட முடியாது. 56 கால் எஸ்எஸ்ஓபி உறையில் வரும் எஃப்எக்ஸ்2எல்பியைக் கை பழகியவர் மேசையிலேயே பற்றவைப்பார். பழுதானால் கழற்றவும் செய்வார். ஆதலால் கிடக்கும் தோலுக்கு என் தேர்வு பழைய சில்லுதான்.

தோல் கன்வேயரில் நகரத் தொடங்கினால் இந்தக் கணக்கு செல்லாது. 24 மெகாஹெர்ட்ஸில் ஒரு பிரேமை வரிசை வரிசையாகப் படிக்கக் கால் விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் கீறல் சாய்ந்து நீண்டுவிடும். அப்போது மாற்ற வேண்டியது முதலில் சென்சாரை: எல்லாப் பிக்சலும் ஒரே நேரத்தில் ஒளி வாங்கும் குளோபல் ஷட்டர் வகைக்கு. சில்லு அதற்குப் பிறகு.